நுரைக்காரர் வீட்டு வாய்ப்புண்

அத்தியாயம் பதினொன்று

திருட்டுச் சாமான் பிடிபட்டு இரண்டு வாரம் ஆகிவிட்டது. வீட்டில் இன்னும் புகைச்சல் அடங்கவில்லை.

சாமான் ஒன்றும் தங்கமோ வைரமோ இல்லை. ஒரு பேஸ்ட் டியூப். அடுத்த கம்பெனி டியூப். வேறு வீடாக இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இது நுரைக்காரர் வீடு. பின்னால் இருக்கும் நாலு அறைகளில் மிக்சர் வைத்து, டியூபில் அடைத்து, மூடி திருகி, முப்பது வருஷமாகப் பேஸ்ட் விற்கிறவர் வீடு. அந்த வீட்டு மருமகள் தன் காருக்குள் அடுத்தவன் பேஸ்ட்டை ஒளித்து வைத்துக்கொண்டு, தினமும் வேலை பார்க்கிற டிரைவிங் ஸ்கூல் வாஷ்பேசினில் பல் தேய்த்திருக்கிறாள். "இதுக்கு அவ நம்ம மெஷினுக்குள்ள மண்ணை அள்ளிப் போட்டிருக்கலாம்" என்று மாமனார் தெருமுனை வரை கேட்கும்படி சொன்னார்.

காரில் குடை எடுக்கப் போன மாமியார் கண்ணில்தான் டியூப் முதலில் பட்டது. அவள் சூதுவாது தெரியாமல் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து, "இது யாரோடது?" என்று கேட்டுவிட்டாள். அதோடு போச்சு. "குப்பையில போடு" என்றார் மாமனார். மாமியார் எடுத்துக்கொண்டு போனாள். மருமகளின் புருஷன் மட்டும் அன்றைக்கே அவளிடம் தனியாக வந்து கெஞ்சினான். பெரிய கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும் நம்ம பேஸ்ட்டையே தேய், அப்புறம் உன் இஷ்டம் என்று.

டீச்சர் ஒப்புக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் அவள் டீச்சர்தான். ஒப்புக்கொண்டதற்கான பலன் இன்று காலை கண்ணாடியில் தெரிந்தது.

கீழ் உதட்டை மடித்துப் பார்த்தாள். உள்பக்கம் இரண்டு. நடுவில் வெள்ளை, சுற்றிலும் சிவப்பு. நாக்கு ஓரத்தில் புதிதாக இன்னொன்று. மூன்றும் சேர்ந்தால்கூட ஒரு சட்டைப் பட்டன் அளவு வராது. ஆனால் வாய்க்குள் அது படுத்துகிற பாடு, வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடைக்காரர்கள் வருவது இன்று சாயந்தரம்.

இந்த வீட்டில் வாய்ப்புண்ணுக்குக் காரணம் சொல்லாத ஆள் கிடையாது. "சிப்ஸ் திங்கறே. அது முனை குத்தி உள்ள கிழிச்சிடுது" என்பான் புருஷன். "ராத்திரி கண்ணு முழிக்கற, காலையில வெறும் வயித்துல புளிப்புப் பழம் திங்கற. உடம்பு சூடு" என்பாள் மாமியார். மாமனார் வைத்தியமே வேறு. "கோபம்தான் காரணம். வெடுக்கு வெடுக்குனு பேசறவங்களுக்குத்தான் வாய்ல புண்ணு வரும். முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்கு ஒரு நாளாவது வந்திருக்கா?"

அவள் எல்லாவற்றையும் செய்து பார்த்தவள்தான். சிப்ஸை விட்டாள். ஆரஞ்சு, அன்னாசி எல்லாவற்றையும் விட்டாள். சீக்கிரம் படுத்தாள். ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். இரும்புச்சத்தும் சரி, வைட்டமினும் சரி. கூராக இருந்த கடைவாய்ப்பல்லைப் பல் டாக்டரிடம் ராவிக்கொண்டாள். அப்போதும் மாதம் தவறாமல் புண் வந்தது. கடைசியில் அந்த டாக்டர்தான், "என்ன பேஸ்ட் போடறீங்க? நிறைய நுரைக்குமா?" என்று கேட்டார். "எல்லாருக்கும் இதனாலதான்னு சொல்ல மாட்டேன். சிலர் வாய்க்கு அந்த நுரைப்பொடி ஒத்துக்காது. நுரை இல்லாத பேஸ்ட்டா மாத்திப் பாருங்க."

மாற்றினாள். நாலு மாதம் வாய் வாயாக இருந்தது. பழம் தின்றாள், சிப்ஸ் தின்றாள், புருஷனோடு சண்டைகூடப் போட்டாள். ஒரு கீறல் இல்லை.

"இந்தா" என்று மாமியார் ஒரு டம்ளரை நீட்டினாள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். இன்னொரு கையில் தேன் பாட்டில். "கொப்பளிச்சுத் துப்பிட்டு, தேனைத் தொட்டு வை. முதல்ல சுள்ளுனு இருக்கும், பல்லைக் கடிச்சுக்கோ."

"பல்லைக் கடிச்சா உதடும் சேர்ந்துல்ல கடிபடுது அத்தை."

"அப்ப ஐஸ் வச்சுக்கோ. சோடா உப்பைக் கரைச்சுக் கொப்பளி. தயிர் ரெண்டு ஸ்பூன் வாய்லயே வச்சிரு. சூடா மட்டும் எதையும் தொடாதே."

வாய்ப்புண் வைத்தியத்தில் மாமியார் கரைகண்டவள். எங்கே கற்றாள் என்று யாரும் கேட்டதில்லை. சொல்லிவிட்டு அவள் அடுப்பிலிருந்து இறக்கிய டீயை ஆவி பறக்கக் குடித்தாள். டீச்சருக்கு ஏதோ உறுத்தியது. மாமியார் எதையும் ஆற வைத்துத்தான் சாப்பிடுவாள். சூப் என்றால் பச்சைத் தண்ணீராக ஆக வேண்டும். ரொட்டி என்றால் பாலில் ஊறி நைந்துபோக வேண்டும். கல்யாணமான புதிதில் டீச்சர் அதை ஒரு நாசூக்கு என்று நினைத்து வியந்திருக்கிறாள். இன்று என்ன ஆச்சு இந்த அம்மாவுக்கு?

அதற்குள் உப்புத் தண்ணீர் புண்ணில் பட்டது. உலகமே மறந்துபோனது.

*

டிரைவிங் சொல்லிக் கொடுக்கிற வேலைக்குக் கை கால் எவ்வளவு முக்கியமோ, வாய் அதைவிட முக்கியம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு விடாமல் பேச வேண்டும். பேசுகிற தைரியத்தில்தான் கற்றுக்கொள்கிறவர் வண்டியை ஓட்டுகிறார்.

அன்றைய முதல் ஆள் ஒரு போட்டோகிராபர். நாற்பது வயது. கேமராவைப் பிடித்தால் நடுங்காத கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் தந்தியடிக்கும்.

"டீச்சர், ஏன் பேச மாட்டேங்கறீங்க? நீங்க திட்டாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

அவள் கையைக் காட்டி நேராகப் போகச் சொன்னாள். அவர் நேராகப் போனார். சாலை வளைந்தது, அவர் வளையவில்லை. முன்னால் ஒரு பெரிய குப்பைத் தொட்டி. "பிரேக்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த 'பி'க்கு இரண்டு உதடும் சேர வேண்டும். சேர்ந்தன. உயிர் போகிற வலி. சொல் பாதியிலேயே நின்றுவிட்டது.

நல்லவேளையாக அவள் கால் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அழுத்தினாள். வண்டி தொட்டியை முத்தமிடாத குறையாக நின்றது.

போட்டோகிராபர் வியர்த்துப்போய்த் திரும்பினார். "சொல்லியிருக்கலாமே டீச்சர்."

அந்த வார்த்தை அவளுக்கு எங்கேயோ தைத்தது. அவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்தும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது யார்? இரண்டு வாரமாக வீட்டுப் பேஸ்ட்டில் பல்லைத் தேய்த்துவிட்டு, புண்ணையும் பொறுத்துக்கொண்டு, சாயந்தரம் அதே பேஸ்ட்டைக் கடைக்காரர்கள் முன்னால் தேய்த்துச் சிரிக்கச் சம்மதித்தது யார்?

"வண்டியைப் பின்னால எடுங்க" என்றாள். வலித்தது. வலிக்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னாள். "கண்ணாடியைப் பாருங்க. ரோட்டுல மத்தவங்களும் போறாங்க."

அவர் முகத்தில் உயிர் வந்தது.

*

மத்தியானம் நேராகப் பேக்கிங் அறைக்குப் போனாள். புருஷன் புது டியூபுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தில் 'டபுள் நுரை'. ஜனங்களுக்கு நுரைதான் பிடிக்கிறது என்று கண்டுகொண்ட நாளிலிருந்து மாமனார் ஒவ்வொரு தடவையும் நுரைப்பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். இந்தத் தடவை ஒரேயடியாக இரட்டிப்பு.

"இன்னைக்கு நான் தேய்க்கப் போறதில்லை" என்றாள்.

அவன் கை நின்றது. "ஒரு நிமிஷம்தானே? வாய்ல வை, சிரி, துப்பிடு. இந்த ஆர்டர் கிடைச்சா ஊர் ஊரா நம்ம டியூபு போகும். அப்பா வாழ்நாள் பூரா காத்திருந்தது."

"என் வாயைப் பாரு."

அவன் பார்த்தான். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டான். "எல்லாருக்குமா வருது? எனக்கு வரலையே."

"உனக்கு வராது. நிறைய பேருக்கு வராது. வர்றவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? சிப்ஸை நிறுத்துவாங்க. பழத்தை நிறுத்துவாங்க. தூக்கம் பத்தலைனு நினைப்பாங்க, கோபம் ஜாஸ்தினு நினைப்பாங்க. பேஸ்ட்டை மட்டும் நிறுத்த மாட்டாங்க. ஏன்னா அது வாயைச் சுத்தம் பண்றதுனு நம்பிட்டிருப்பாங்க."

அவன் ஒரு மூடியைத் திருகினான். ஏற்கெனவே திருகின மூடி அது.

"நான் ஒண்ணும் கடையை மூடச் சொல்லலை. நுரை இல்லாம ஒரு டியூபும் போடுங்கனு சொல்றேன். உங்கப்பா கிட்ட இதை நீ ஒரு தடவையாவது சொல்லியிருக்கியா?"

"சொன்னா கேப்பாரா?"

"நான் அதைக் கேக்கலை. சொல்லியிருக்கியா?"

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றான். இந்த விஷயத்தில் அவனுக்கும் அவளுக்கும் வித்தியாசம் இல்லை, ஆனால் அவளுக்கு நிஜமாகவே புண் இருந்தது.

"அப்ப நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

*

கடைக்காரர்கள் சார்பில் கொள்முதல் மேடம் ஒருத்திதான் வந்தாள், சொன்ன நேரத்துக்கு. பெரிய கடைகளின் கூட்டத்துக்கே சரக்கு எடுக்கிறவள். சிரிப்பைக்கூட அளந்துதான் செலவு செய்வாள் போலிருந்தது.

மாமனார் பளபளவென்று இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். மிக்சர் அறைக்கு வெளியே சுவரோரமாக நாலு குழாய்கள் வரிசையாக இருக்கும். இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சரக்கு கலக்கினால் முதல் டியூப் வெளியே போகாது. குடும்பமே அந்தக் குழாய்களின் முன்னால் நின்று பல் தேய்க்க வேண்டும். மாமனார் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்து, யார் வாயில் எவ்வளவு நுரை என்று பார்த்து மார்க் போடுவார். இதற்கு வாய்ப் பரீட்சை என்று பெயர்.

"எங்களுக்குத் தனியா லேப் கிடையாதும்மா" என்றார் மேடத்திடம், ரொம்பப் பெருமையாக. "எங்க வீட்டு வாய்தான் லேப். நாங்க போட்டுப் பாக்காத சரக்கை ஊருக்குக் கொடுக்கறதில்லை. இது என் மருமக. பல்லு வரிசையைப் பாருங்க. ம், ஆரம்பிம்மா."

நாலாவது குழாயில் மாமியார் ஏப்ரனோடு நின்றாள். மூன்றாவதில் புருஷன். டீச்சர் கையில் பிரஷ். அதன் மேல் டபுள் நுரை, பாம்பு மாதிரி சுருண்டு.

பிரஷ்ஷைக் குழாய் மேடையில் வைத்தாள்.

"நான் தேய்க்கலை மாமா."

"என்னம்மா விளையாட்டு?"

"விளையாட்டு இல்லை. என் வாய்ல மூணு புண்ணு. நம்ம பேஸ்ட்டை விட்டா வரலை, திரும்பப் போட்டா வருது. இது தெரிஞ்சும் இவங்க முன்னாடி தேய்ச்சுச் சிரிச்சா அது பொய்."

மாமனார் காது சிவந்தது. ஆனாலும் வெளி ஆள் முன்னால் குரலை உயர்த்தவில்லை. "கோபக்காரப் பொண்ணும்மா" என்று மேடத்தைப் பார்த்து அசடு வழிந்தார். "கோபக்காரங்களுக்கு வாய்ப்புண்ணு சகஜம். எங்களுக்கெல்லாம் வந்ததே இல்லை. நான் தினம் ராத்திரி பகல்னு இதோட புழங்கறவன். என்னைவிட இதுக்கு யார் சாட்சி?"

"அப்ப நீங்க தேய்ங்க மாமா."

டீச்சர் தன் பிரஷ்ஷை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"என்ன?"

"நீங்க தேய்ச்சுக் காட்டுங்க. இத்தனை வருஷத்துல உங்களை இந்தக் குழாய்ல நான் பாத்ததே இல்லை. உள்ளங்கையில தேய்ச்சு நுரை பாப்பீங்க. மோந்து பாப்பீங்க. வாய்ல ஒரு தடவையாவது வச்சிருக்கீங்களா?"

மாமனார் வாயைத் திறந்தார், மூடினார். மூடும்போது மேல் வரிசை கீழ் வரிசையில் பட்டு 'டக்' என்றது. வீட்டில் எல்லாருக்கும் பழகிப்போன சத்தம். தொழில் தொடங்குவதற்கு முந்தின வருஷமே அவர் பல் முழுவதும் போய், செட் கட்டிக்கொண்டவர். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுவார், காலையில் கழுவி மாட்டுவார். பேஸ்ட்டுக்கு அவர் வாயில் வேலையே இருந்ததில்லை. முப்பது வருஷமாக எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதையும் இதையும் சேர்த்து யோசிக்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. அவள் அளந்து வைத்திருந்த சிரிப்பு கொஞ்சம் சிந்தியது.

"ஒருத்தி வாய்க்கு ஒத்துக்கலைனா அது பேஸ்ட்டோட தப்பா?" மாமனார் குரல் இப்போது உயர்ந்தேவிட்டது. "நுரை இல்லேன்னா தேய்ச்ச மாதிரியே இல்லைனு ஜனங்க மூஞ்சி சுளிக்கறாங்க. நான் அலைஞ்சவன், எனக்குத் தெரியும். ஒருத்திக்காக மாத்தணுமா? இவ ஒருத்திக்காக?"

"ஒருத்தி இல்லைங்க."

நாலாவது குழாயிலிருந்து வந்தது குரல். மாமியார்.

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். ஏப்ரன் பையில் கையை விட்டு ஒரு டியூபை எடுத்து மேடை மேல் வைத்தாள். அடுத்த கம்பெனி டியூப். குப்பைக்குப் போயிருக்க வேண்டிய அதே டியூப். அடியிலிருந்து அழகாக, பாய் சுருட்டுகிற மாதிரி, பாதிக்கு மேல் சுருட்டியிருந்தது. அந்த வீட்டில் டியூபை அப்படிச் சுருட்டுகிறவள் ஒருத்திதான். மற்ற எல்லாரும் நடு வயிற்றில் அமுக்குகிறவர்கள்.

டீச்சருக்குக் காலையில் பார்த்த ஆவி பறக்கும் டீ ஞாபகம் வந்தது. கண் நிறைந்துவிட்டது.

"அத்தை, உங்களுக்குமா?"

"ரெண்டு வாரமா இதைத்தான் போடறேன்" என்றாள் மாமியார், யாரையும் பார்க்காமல். "இருந்தது ஆறிடுச்சு. புதுசா வரலை. நேத்து சூப்பைச் சூடாக் குடிச்சேன். நாக்கு வரைக்கும் சூடு போச்சு."

மாமனார் அந்தச் சுருட்டலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எத்தனை நாளா உனக்கு இந்தப் புண்ணு?"

"நீங்க முதல் சட்டி கலக்கின நாள்லேருந்து. உடம்பு சூடுனு நினைச்சேன். என் உடம்பைத்தானே நான் திட்ட முடியும்? நீங்க செஞ்சதைத் திட்ட எனக்கு வாய் வரலை."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னவளைத்தான் இப்பப் பாத்தீங்களே. கோபக்காரினு பேரு வச்சீங்க."

மாமனார் திரும்பினார். மிக்சர் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே மிக்சர் ஓடத் தொடங்கியது. நுரைப்பொடி மூட்டைகளும் அங்கேதான் இருந்தன. எதைக் கலக்குகிறார், எதை விட்டுவிட்டுக் கலக்குகிறார் என்று வெளியே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

புருஷன் கதவைத் தட்டப் போனான். பாதி வழியில் நின்று, தன் பிரஷ்ஷிலிருந்த டபுள் நுரையைக் குழாயைத் திறந்து கழுவினான். பிறகு போய்த் தட்டினான். "அப்பா, நான் பேசணும்." அவன் அப்படிச் சொல்லி டீச்சர் கேட்டது அதுதான் முதல் தடவை. கதவு திறக்கவில்லை. அவன் நகரவும் இல்லை.

மேடம் கைப்பையை எடுக்காமல் அங்கேயே நின்றாள். "நான் காத்திருக்கேன்" என்றாள். எதற்கென்று சொல்லவில்லை.

"அப்படீன்னா உக்காருங்க" என்றாள் மாமியார். "டீ போடறேன்." சமையலறைப் பக்கம் நடந்தவள் திரும்பி மருமகளைப் பார்த்தாள். மேடை மேலிருந்த டியூபை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"உன்னோடதை நான்தான் பறிச்சேன். போய் வாயைக் கொப்பளிச்சுட்டு இதைப் போட்டுத் தேய். இங்கயே தேய், எல்லாரும் பாக்கட்டும்."